பங்கு இல்லத்து ஆணியில் ஒரு சாவி

நம்மைப் பற்றிப் பங்கில் ஒரு பேச்சு உலவுவதாக அறிகிறோம். ஐம்பது வயதைக் கடந்தபின் நம் சாமியாருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயப் பித்துப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்க வேண்டியவர், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே பந்தயத் தளத்தின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு என்பதே அப்பேச்சு. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது உண்மை. அன்று மாலைப் பாவசங்கீர்த்தனத்திற்குத் துணைப் பங்குத்தந்தை இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பித்தா இல்லையா என்பதை நடந்ததை வாசித்தபின் நம் குடும்பத்தார் தீர்மானிக்கட்டும்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்வோர் காவிரிப் பாலத்தை நன்கு அறிவர். 1976-இல் கட்டப்பட்டது, அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம், கோடு கிழித்தாற்போல் நேரானது. மாலை வேளையில் குடும்பங்கள் காற்று வாங்க நிற்கும். ஒரு புறம் மலைக்கோட்டையும் மறுபுறம் அரங்கன் கோபுரமும் தெரியும். இரவு பதினொரு மணிக்குமேல் அதே பாலம் சில நாட்களில் வேறு கோலம் கொள்ளும். சிந்தாமணி முனையில் நான்கைந்து வண்டிகள் அணிவகுக்கும். ஒருவன் கைப்பேசி விளக்கை ஆட்டுவான். மாம்பழச்சாலை முனையை முதலில் எட்டியவனுக்கு மற்றவர்கள் புரோட்டா வாங்கித் தரவேண்டும், பந்தயம் அவ்வளவே. இணைப்புகள் பழுதுபட்டுக் குலுக்கிக்கொண்டிருந்த அப்பாலம் 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செப்பனிட மூடப்பட்டு, 2023 மார்ச் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. குலுக்கல் நின்றதில் பொதுமக்களுக்கு மகிழ்ச்சி. இந்த வாலிபர்களுக்கு அதைவிட மகிழ்ச்சி.

அக்கூட்டத்தில் ஒருவன் நம் பங்கைச் சேர்ந்தவன். பெயர் வேண்டாம்; தம்பி என்றே குறிப்போம். வயது இருபத்தொன்று. பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறான். தகப்பனார் இல்லை. தாயார் ஒரு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் உழைத்து வளர்த்த ஒரே பிள்ளை. இரண்டாண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவன் பழைய வண்டியொன்று வாங்கினான், யமஹா ஆர்15. மோட்டார் சைக்கிள் அறியாத தாய்மார்களுக்காகச் சொல்கிறோம். 155 சிசி எஞ்சின். பதினெட்டுக் குதிரைத்திறனுக்குச் சற்று மேல். கணக்கில் பார்த்தால் சிறிய வண்டிதான். ஆனால் முகம் முதல் வயிறு வரை பந்தய வண்டியைப்போல் கவசம் பூட்டி, கைப்பிடியைத் தாழ்த்தி, பின்னிருக்கையை உயரத் தூக்கி, நிற்கும்போதே ஓடுவதுபோல் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். 2008-இல் அது முதன்முதலாக நம் நாட்டுச் சாலைக்கு வந்தபோது வாலிபர்கள் நெஞ்சில் மூட்டிய தீ இன்னும் அணையவில்லை.

ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நாம் உடுப்பறையில் நின்றபோது அந்தத் தாயார் வந்தார். “சாமி, அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்பன் இல்லாத பிள்ளை. என் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. ராத்திரி வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிறவரையில் நான் படுப்பதில்லை” என்றார்.

நாம் அழைத்துச் சொன்னோம். ஒரு வார்த்தை என்ன, ஒரு மணி நேரம் சொன்னோம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் முதல் குற்றத்திற்கே மூன்று மாதம்வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு என்று சட்டம் பேசினோம். 2023 தீபாவளி நாட்களில் நம் திருச்சிக்கு அருகே நெடுஞ்சாலையில் வண்டியில் வாணவெடி கட்டி முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியவர்களைக் காவல்துறை பிடித்ததை நினைவூட்டினோம். கைகட்டிக் கேட்டான். “சரி ஃபாதர்” என்றான். நாம் திருப்தியோடு எழுந்தோம்.

நான்கு நாள் கழிந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு முதியவருக்கு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு நள்ளிரவில் நம் ஸ்பிளெண்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தின் நடுவில் மூன்று வண்டிகள் எதிரே வந்து, ஒரு சீறலோடு நம்மைக் கடந்தன. நடுவண்டியின் பின்புறத்தில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை நாம் அறிவோம். அதை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாமே.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். குருமடத்திலிருந்து வெளிவந்து முதல் பங்கில் துணைக்குருவாக இருந்தபோது, உபதேசியாரிடம் ஒரு ஆர்எக்ஸ்100 இருந்தது. 98 சிசி, பதினொரு குதிரைத்திறன். இன்றும் அதன் ஓசையைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும் தலைமுறை நம்முடையது. லால்குடிச் சாலையில், அங்கி சிறகுபோல் படபடக்க, யாரும் காணவில்லை என்ற துணிவில் நாமும் அதை முறுக்கியதுண்டு. ஆகையால் அந்த ருசி இன்னதென்று நமக்குத் தெரியாது என்று நடிக்க இயலாது.

மற்றொன்று, அதைவிடக் கனமானது. பின்னாளில் வேறொரு பங்கில் ஒரு பையன் புதுவண்டியை மந்திரிக்கக் கொண்டுவந்தான். மாலை போட்டிருந்தான்; சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்திருந்தான்; அதைக் கண்டு சிரித்து எடுக்கச் சொன்னோம். தீர்த்தம் தெளித்தோம். சட்டைப்பையில் மிட்டாய் வைத்துவிட்டுப் போனான். தலைக்கவசம் வாங்கினாயா என்று நாம் கேட்கவில்லை. நாற்பது நாள் ஆகுமுன் அவனை நாமே அடக்கம் செய்தோம். கேட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல வரவில்லை. கேட்கவில்லை என்பதுதான் நம்மிடம் தங்கிவிட்டது.

நிற்க. நம் வண்டியைப் பழுதுபார்ப்பவர் ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்திற்குப் பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். நெற்றியில் நாமம், கையில் கிரீஸ், வாயில் ஓயாத பேச்சு. அவரிடம் இந்தத் தம்பியைப் பற்றிப் புலம்பினோம். அவர் சாவியைக் கீழே வைத்துவிட்டு, “சாமி, சோழவரம் தெரியுமோ உங்களுக்கு?” என்றார்.

தெரியாதென்றோம். அன்று முற்பகல் முழுவதும் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அதனைப் பந்தயத் தளமாக்கினர். ஆண்டுதோறும் வெயில் ஏறுமுன் பந்தயம் நடக்கும். பெரியவர் வாலிபராக இருந்தபோது ஒரு பந்தயக்காரருக்கு எடுபிடியாகத் திருச்சியிலிருந்து ரயிலேறிப் போவாராம். எஸ்டியும் ராஜ்தூத்தும் அலறிக்கொண்டு போவதை அவர் வாயாலேயே செய்து காட்டினார். ‘வளைவில் விழுந்தால் வைக்கோல் கட்டு; அதைத் தாண்டினால் முள்’ என்பது அக்காலத்துப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி அவர் தந்த விளக்கம். பிற்பாடு கழகத்தார் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தளம் அமைத்தனர், 3.7 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள்.

“அந்தப் பையனை நிறுத்தப் பார்க்காதீங்கோ. காவிரியை யாராவது நிறுத்தினதுண்டா? கரிகாலன்கூட கல்லணையிலே நிறுத்தலை, திருப்பித்தான் விட்டான். தளத்துக்கு அனுப்புங்கோ. அங்கே போனா அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு அவனுக்கே தெரியும்” என்றார்.

காவிரிக்கரைக்காரர்களுக்கு அணை பற்றிய பேச்சு எளிதில் வருகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்து வெள்ளத்தோடு போனதைக் கண்டவர்கள் நாம். திருப்பிவிடுவதும் அவ்வளவு சுலபமன்று என்று அவரிடம் சொன்னோம். ஆயினும் அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் நம்மை விடவில்லை.

தம்பியை மீண்டும் அழைத்தோம். இம்முறை உபதேசம் இல்லை. “நீ வேகக்காரன் என்கிறாயே, அளந்து பார்க்கலாமா?” என்று கேட்டோம். முகம் மலர்ந்தது. ஒரு நிபந்தனை விதித்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலையிலிருந்து திரும்பியதும் வண்டிச் சாவி பங்கு இல்லத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டு அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அரைமனதாகச் சம்மதித்தான்.

பந்தயத்தில் இறங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்ததில் நமக்குப் பல புதுச் செய்திகள் கிடைத்தன. முதலாவது, சாலை ஓட்டுநர் உரிமம் இதற்குச் செல்லாது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தனியே உரிமம் வழங்குகிறது. மருத்துவர் சான்று வேண்டும். பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பதினெட்டுக்குக் குறைந்தவரானால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, உடுப்பு. கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே துண்டாகத் தைத்த தோலாடை, முழங்காலில் தரையைத் தொட்டு வழுக்கும் பட்டைகள், முதுகெலும்புக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேலேறும் காலணி, பந்தயத்திற்கென்று சான்று பெற்ற முழுமுகத் தலைக்கவசம். இவற்றையெல்லாம் புதிதாக வாங்கினால் பழைய வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பயிற்சிப் பள்ளியில் தோலாடை வாடகைக்குக் கிடைத்தது. தலைக்கவசம் மட்டும் தன்னுடையதாக இருக்கட்டும் என்று நாம் வற்புறுத்தினோம். அதற்கான பணத்தில் பாதியை நாமே கொடுத்தோம். ஏன் என்று வாசகர்களுக்குத் தெரியும்.

தார்த்தளம் திருச்சியில் இல்லை. அருகில் இருப்பது கோவையை அடுத்த செட்டிபாளையத்துக் கரி தளம். இந்தியாவிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து, பலரைப் பந்தயத்தில் வளர்த்துவிட்டு, 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கியது; 2003-இல் திறக்கப்பட்டது; 2.1 கிலோமீட்டர். நீளம் குறைவு, வளைவுகள் நெருக்கம். சிறிய வண்டிக்கும் புதியவனுக்கும் ஏற்றது. வண்டியை ஒரு குட்டியானையில் ஏற்றிக் கட்டி, பெரியவரும் தம்பியும் நாமும் பின்னிரவில் புறப்பட்டோம். பந்தயத்திற்குப் போகும் வண்டி பந்தயத் தளம் வரை ஓடிப் போகாது என்பது நமக்கு அன்று விளங்கியது. திரும்பி வரும்போது அது ஓடும் நிலையில் இருக்குமென்று யாரும் உறுதி சொல்வதில்லை.

விடிந்ததும் வண்டியைச் சோதித்தார்கள். கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள். பின்னால் வருபவனைப் பார்ப்பது உன் வேலையில்லை, முன்னால் போகிறவனைப் பார்ப்பது அவன் வேலை. விளக்குகளின்மேல் ஒட்டுநாடா, உடைந்தால் கண்ணாடித்தூள் தளத்தில் சிதறக்கூடாது. பக்கத்துத் தாங்கியைக் கழற்றினார்கள். எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கம்பியால் கட்டினார்கள். குளிர்விக்கும் திரவத்தை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினார்கள். அத்திரவம் சிந்தினால் தார் எண்ணெய் பூசியதுபோல் வழுக்குமாம். அதன்பின் சோதித்தவர் முன்சக்கரத்தருகே குனிந்து, தம்பியை அருகே கூப்பிட்டுக் காட்டினார். பிரேக் கட்டைகள் தேய்ந்து இரும்பை எட்டும் நிலையில் இருந்தன. அந்தக் கட்டைகளோடுதான் பாலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தம் பையிலிருந்து புதுக்கட்டைகளை எடுத்துப் பொருத்தினார். நாம் வானத்தைப் பார்த்தோம்.

பாடம் தொடங்கியது. முதற்பாடம் கொடிகள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாகத் திரும்பு. நீலம் என்றால் உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான். அடுத்து, ஒரு வளைவை எங்கிருந்து நுழைந்து எங்கே தொட்டு எங்கே வெளியேறுவது என்பது. வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தைத் தொட்டு மீண்டும் வெளியோரத்திற்குப் போவதால் வளைவு விரிந்து நேராகிறது. நேரானால் வேகம் குறையத் தேவையில்லை. இதை அந்தப் பயிற்றுநர் கரும்பலகையில் போட்டு விளக்கியபோது, குருமடத்தில் தத்துவப் பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்திருந்த நினைவு நமக்கு வந்தது. இங்கே யாரும் தூங்கவில்லை என்பது வேறுபாடு.

நம்மை மிகவும் கவர்ந்தது அடுத்து வந்தது. முதல் சில சுற்றுகளில் பிரேக்கைத் தொடவே கூடாது என்றார். பையன்கள் திகைத்தனர். பிரேக் இல்லையென்றால் வளைவுக்கு முன் எங்கே முறுக்கைத் தளர்த்துவது என்று முன்கூட்டியே நினைக்க வேண்டும். நினைத்தது பிசகினால் வளைவில் அகன்று போவாய். ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்ற வேகத்தைக் கண் அளக்கக் கற்கும். கீத் கோட் என்னும் அமெரிக்கப் பயிற்றுநர் 1980-இல் தொடங்கிய பள்ளியில் பரவிய முறை என்று சொன்னார்கள். அவர் தம் நூலில் மனித கவனத்தை ஒரு பத்து டாலர் நோட்டுக்கு ஒப்பிடுகிறாராம். எல்லோரிடமும் இருப்பது ஒரே நோட்டுதான். புதியவன் கிளட்சுக்கும் கியருக்கும் பயத்துக்குமே பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறான். சாலைக்கு மிஞ்சுவது சில்லறை. பழகப் பழக ஒவ்வொன்றின் செலவும் குறைந்து, கையில் மீதி நிற்கிறது. செபத்தில் பராக்குப் பற்றிப் பேசும்போது சொல்வதற்கு ஏற்ற உவமை என்று குறித்துக்கொண்டோம்.

முதல் ஓட்டம். நம் தம்பி பாலத்தில் ஓட்டுவதுபோலவே நேர்கோட்டில் எல்லோரையும் முந்தினான். வளைவு வந்தது, எல்லோரும் அவனை முந்தினர். அவர்களுள் ஒருத்தி பதினேழு வயதுக் கோவைப் பெண். அவள் வண்டி இவனுடையதைவிடச் சிறியது. மறுசுற்றிலும் அப்படியே. மூன்றாம் சுற்றில் அவன் நேர்கோட்டிலும் அவளைப் பிடிக்கவில்லை. ஏனெனில் வளைவிலிருந்து வேகத்தோடு வெளியேறுபவளுக்கே நேர்கோடும் சொந்தம். பெரிய எஞ்சினானால் வளைவில் இழந்ததை முறுக்கிப் பிடித்துவிடலாம். பதினெட்டுக் குதிரையில் அதற்கு இடமில்லை. சிறிய வண்டி பிழையை மறைக்காது என்று பெரியவர் சொன்னார். அதனால்தான் இதில் தொடங்கச் சொல்கிறார்கள். தம்பி இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது அவன் முகத்தில் நாம் இதுவரை காணாத ஒன்று இருந்தது. வெட்கம் என்று முதலில் நினைத்தோம். பயிற்றுநரிடம் போய், “சார், எங்கே பார்க்க வேண்டும்?” என்று கேட்டான். இருபத்தொரு வயதில் அவன் யாரிடமும் எதையும் கேட்டு நாம் பார்த்தது அதுவே முதல் தடவை.

திரும்பி வந்தபின் அவன் பாலத்திற்குப் போகவில்லை. கூட்டாளிகள் கேலி செய்தனர். “அங்கே வளைவே இல்லை ஃபாதர், சப்பென்று இருக்கிறது” என்றான். நாம் வெற்றி கண்டதாக எண்ணினோம். அவன் இருங்காட்டுக்கோட்டையில் புதியோர் பிரிவில் ஓட்ட விரும்பினான், நாமும் தலையாட்டினோம்.

அப்போதுதான் தாயார் வந்தார். இம்முறை உடுப்பறையில் அல்ல. பங்கு இல்லத்து வாசலில், பக்கத்து வீட்டுப் பெண் காண்பித்த செய்தியைக் கைப்பேசியில் ஏந்திக்கொண்டு. 2023 ஆகஸ்ட் 5-ஆம் நாள், அதே இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில், இளையோர் பந்தயத்தில், பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தான். அதே ஆண்டு ஜனவரியில் அங்கேயே மூத்த கார்ப் பந்தய வீரர் கே.ஈ. குமாரும் விபத்தில் மாண்டார்.

“சாமி, உங்களுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றோம். “தெரிந்து எனக்குச் சொல்லவில்லையே. நிறுத்தச் சொல்லி உங்களிடம் வந்தேன். நீங்கள் வழி காட்டிவிட்டீர்கள்” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. 1957-இல் இத்தாலியில் மில்லே மில்லியா என்னும் சாலைப் பந்தயத்தில் ஒரு காரின் சக்கரம் வெடித்து, ஓட்டியவர்கள் இருவரும், வேடிக்கை பார்த்து நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அத்துடன் அப்பந்தயம் பந்தயமாக நடப்பது ஒழிந்தது. மறு ஆண்டு மற்றோர் இளைஞர் இறந்தபோது, வத்திக்கான் நாளேடான ஒஸ்ஸெர்வாத்தோரே ரொமானோ, கார் உற்பத்தியாளர் என்ஸோ ஃபெராரியைத் தன் பிள்ளைகளைத் தானே விழுங்கிய சாத்தூர்னுக்கு ஒப்பிட்டது. குருமட நாட்களில் ஒழுக்க இயல் வகுப்பில் ஆபத்தை வலிய ஏற்பது குறித்துப் படித்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நம் கட்டில் விளிம்பில் அமர்ந்தன. பாலத்தைவிடத் தளம் பாதுகாப்பானது என்று நாம் நினைத்தது பொய்யன்று. எதிரே லாரி வராது, குறுக்கே முதியவர் வரமாட்டார், விழுந்தால் சறுக்கிப் போக இடமுண்டு, மருத்துவர் நிற்கிறார். ஆனால் தாயிடம் அதை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தோம். மந்திரிக்க வந்த பையனிடம் கேட்காமல் விட்டதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விக்கு விடியும்வரை விடை கிடைக்கவில்லை.

காலையில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பின்பு தெரிந்த அனைத்தையும் சொன்னோம், நல்லதையும் கெட்டதையும். சென்னை இளைஞர் சரத்குமார் 2011-இல் கத்தார் வரை சென்று உலகப் போட்டியின் 125 சிசி பிரிவில் ஓட்டியதையும், டி.வி.எஸ். நிறுவனம் 1982-இல் பந்தய அணி தொடங்கி, 1994 முதல் தன் வண்டிகளையே கொடுத்துப் போட்டி நடத்துவதால் வண்டி வாங்க இயலாதவனுக்கும் வழி உண்டு என்பதையும் சொன்னோம். இறந்தவர்களையும் சொன்னோம். “வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் சாவியை உங்களிடமே கொடுத்துவிடுகிறோம்” என்றோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. தம்பி அறைக்கதவின் பின்னால் நின்றிருந்தான். “நானும் வருகிறேன்” என்றார் கடைசியில். “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

ஆகவேதான் அந்தச் சனிக்கிழமை நாம் இருங்காட்டுக்கோட்டையில் நின்றோம். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெரியவரும் தம்பியும் குட்டியானையில், தாயாரும் நாமும் பேருந்தில். அவர் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார். தளத்தைக் கண்டதும் முதலில் ஆம்புலன்ஸ் வண்டிகளைத்தான் தேடினார். எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்தபின் கொடி பிடிப்பவர்களை எண்ணினார். பிறகு பெரியவரிடம், “முன்பு நீங்கள் போன இடத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்று கேட்டார். பெரியவர், “வைக்கோல் இருந்ததும்மா” என்றார்.

பயிற்சி ஓட்டத்தில் அவன் விழுந்தான். நாம் நின்ற வேலிக்கு நேரெதிரே. முன்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு புறமும் அவன் ஒரு புறமுமாகத் தளத்தைத் தாண்டிச் சரளைக்குள் சறுக்கிச் சென்றனர். மஞ்சள் கொடிகள் எழுந்தன. ஓடிவந்த பணியாளர்கள் அவனை மறைத்துக்கொண்டனர். தாயாரின் கை வேலிக்கம்பியில் இருந்தது. நம் கையும் அதன் பக்கத்தில் இருந்தது. நாம் செபித்தோம் என்று எழுத விரும்புகிறோம். உண்மையில் ஒரு வார்த்தையும் வரவில்லை. எத்தனை வினாடி என்று தெரியாது. அவன் எழுந்தான். கையைத் தூக்கிக் காண்பித்தான். பிறகு வண்டியை நோக்கி நொண்டிக்கொண்டே போனான்.

மருத்துவர் பார்த்துவிட்டு அனுப்பினார். தோலாடையின் தோளிலும் இடுப்பிலும் உள்ளங்கை அகலத்திற்குத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்வைத் தாயார் விரல்களால் தடவிப் பார்த்தார். அதன் அடியில் இருந்திருக்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். மருத்துவமனைத் துணி வெளுப்பவர் அல்லவா. “நாளைக்கு ஓட்டுவாயா?” என்று கேட்டார். பிரேக் பிடி ஒடிந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றான். “அதை நான் கேட்கவில்லை” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஓட்ட ஆசை அம்மா. நீங்கள் சொன்னால் இல்லை” என்றான். அவர் நம்மைப் பார்த்தார். நாம் வாய் திறக்கவில்லை. இம்முறை அது நாம் சொல்ல வேண்டிய வார்த்தையன்று. அவர் பெரியவரிடம் திரும்பி, “பிரேக் பிடி எங்கே கிடைக்கும்?” என்றார்.

மறுநாள் நாம் அங்கில்லை. ஞாயிறு பங்கை விட்டு இருக்க முடியாது. இரவோடிரவாகப் பேருந்து ஏறினோம். ஆறு சுற்றுப் பந்தயத்தில் பதினேழாவதாக வந்தான் என்று பெரியவர் தொலைபேசியில் கத்தினார். எத்தனை பேரில் என்று கேட்டோம். இருபத்தொருவரில் என்றார். ஒரு சுற்றைத் தன் முந்தைய நேரத்தைவிட மூன்று வினாடி குறைத்தானாம்; அதைத்தான் தம்பி திரும்பத் திரும்பச் சொல்கிறான். கோவைப் பெண் ஐந்தாவது.

அதன்பின் இரண்டு பருவம் ஆயிற்று. செலவு பெரும் தொல்லை. டயர் ஒன்று, நுழைவுக் கட்டணம் ஒன்று, குட்டியானை வாடகை ஒன்று என்று அவன் சம்பளம் கரைகிறது. கைப்பேசியை விற்றுப் பழையதொன்று வைத்திருக்கிறான். நிறுவன வண்டியில் ஓட்டும் தேர்வுக்கு ஒருமுறை போய்ச் சில பத்தின்கூற்று வினாடிகளில் தவறினான். பாலத்துக் கூட்டத்தில் மேலும் மூவர் பங்கு இல்லத்திற்கு வந்து, தங்களையும் அழைத்துப் போகும்படி கேட்டார்கள். ஒருவன் முஸ்லிம்; ஒருவன் ஸ்ரீரங்கத்துக் கோயில் பணியாளர் மகன். அவர்களுடைய தாய்மார்களை முதலில் அழைத்து வரச் சொன்னோம். இருவர் அழைத்து வந்தனர்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில், விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு பெயர் கேட்கிறார்கள். முதலில் தாயாரின் பெயரை எழுதியிருக்கிறான். இரண்டாவது நம்முடையது. ஆணியில் சாவி இல்லாத அந்தச் சனி ஞாயிறுகளில், திருப்பலி நேரம் தவிர, நம் கைப்பேசியை நாம் அணைத்து வைப்பதில்லை.